அஃபிலியேட் திட்டத்தில் சேர முன்: நிபந்தனைகளைப் பின்னாலிருந்து வாசியுங்கள்

எல்ல ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வரும் நேரம் பார்த்து வீடியோ எடுப்பவர்கள், ஹப்புத்தளைப் பனியைப் படம்பிடித்துப் போடுபவர்கள், தோட்டத்து வீட்டுச் சமையலைச் செனலாக நடத்துபவர்கள் என்று மலையகத்தில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். பார்வையாளர்கள் கொஞ்சம் சேர்ந்ததும் இவர்கள் அடுத்ததாகக் கேட்பது அஃபிலியேட் பற்றித்தான். ஒரு கம்பனி தன் பொருளுக்கோ சேவைக்கோ உங்கள் பெயரில் ஒரு லிங்க் தரும். அதை நீங்கள் பகிர்கிறீர்கள். அந்த வழியாகப் போய் யாராவது வாங்கினால் உங்களுக்குக் கொமிஷன். அமேசான் 1996இலேயே இதைத் தொடங்கிவிட்டது. முறை பழையது, நேர்மையானது. ஆனால் யூடியூபில் சிலர் சொல்வதுபோல் தூங்கும்போது காசு கொட்டுகிற விஷயம் இல்லை.

சேர்வதற்குப் பெயர், ஈமெயில், ஒரு பெட்டியில் டிக், அவ்வளவுதான். அந்த டிக் என்பது ஒப்பந்தத்தில் போடுகிற கையெழுத்து. அதோடு ஒட்டியிருக்கும் பத்துப் பதினைந்து பக்க ஆங்கிலத்தை வாசித்துவிட்டு டிக் போட்டவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிறகு, "அண்ணே, எக்கவுண்டில 40 டொலர் காட்டுது, எடுக்க ஏலாம இருக்கு" என்று கோல் வரும். பெரும்பாலும் அந்தக் கம்பனி ஏமாற்றியிருக்காது. எடுக்க முடியாது என்று முதல் நாளே எழுதி வைத்திருக்கும்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க அதிக நேரம் தேவையில்லை. நாட்சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்பவருக்கு மாதச் சம்பளம் கணக்கிடத் தெரியாது. எத்தனை கிலோ எடுத்தால் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்), குறைந்தால் அரைப்பேரா, தராசில் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கேட்பவருக்குத்தான் கையில் வருவது தெரியும். அஃபிலியேட் திட்டத்தின் முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கும் வீதம் அந்த நாட்சம்பளம்தான். கழிவெல்லாம் உள்ளே சின்ன எழுத்தில் இருக்கிறது. ஆகவே நிபந்தனைகளை முதல் பக்கத்திலிருந்து வாசிக்காமல், காசு கைக்கு வரும் இடத்திலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொல்கிறேன். கீழே உள்ள வரிசையும் அப்படித்தான்.

வாசிக்கும் முன் இரண்டு வேலை

சேர்வதற்குக் காசு கேட்கிறார்களா என்று பாருங்கள். உண்மையான அஃபிலியேட் திட்டங்கள் பொதுவாக உங்களிடம் சேர்வுக் கட்டணம் வாங்குவதில்லை. "பெக்கேஜ்" வாங்கினால்தான் லிங்க் கிடைக்கும் என்றால், உங்களுக்குக் கீழே ஆட்களைச் சேர்த்தால்தான் வருமானம் என்றால், அது பொருள் விற்கிற திட்டம் இல்லை. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சி (83C) பிரிவு, பிரமிட் திட்டம் நடத்துவதையும் அதற்கு ஆள் சேர்ப்பதையும் இலங்கையில் குற்றமாக்கியிருக்கிறது. தடைசெய்யப்பட்டவை என்று தீர்மானித்த நிறுவனங்களின் பெயர்களை மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் போட்டிருக்கிறது. அங்கே ஒரு தடவை தேடிப் பாருங்கள். நகரத்து ஹோட்டல் மண்டபத்தில் கூட்டம் வைத்து, டை கட்டியவர் திரையில் கார் படம் காட்டினால், மேலே வாசிக்க வேண்டிய அவசியமே இல்லை. எழுந்து வந்துவிடலாம்.

அடுத்தது, நிபந்தனைப் பக்கத்தை பிடிஎப் ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். ஃபோனில் என்றாலும் பிரவுசரின் பிரிண்ட் வசதியில் அதைச் செய்யலாம். கோப்பின் பெயரில் திகதியைப் போடுங்கள். பக்கத்தின் தலையிலோ அடியிலோ "கடைசியாக மாற்றப்பட்டது" என்று ஒரு திகதி இருக்கும், அதையும் கவனியுங்கள். முன்பு என்ன எழுதியிருந்தார்கள் என்று பார்க்க ஆசை இருந்தால், வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் அந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் பழைய பிரதிகள் பெரும்பாலும் கிடைக்கும். வருடத்துக்கு மூன்று முறை கொமிஷனைக் குறைத்த கம்பனியை அங்கேயே கண்டுபிடித்துவிடலாம்.

ஆங்கிலம் கஷ்டமாக இருந்தால் கூகுள் மொழிபெயர்ப்பை வைத்து மொத்தத்தையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஆனால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். "தவிர", "அல்லாத பட்சத்தில்" போன்றவை இடம் மாறி விழுந்தால் பந்தியின் அர்த்தம் தலைகீழாகிவிடும். காசு, கொமிஷன், கணக்கு மூடுதல் ஆகிய மூன்று பகுதிகளை மட்டும் தெரிந்த ஓர் ஆங்கில டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

காசு எந்த வழியில் வரும்?

மலையகத்திலிருந்து சேர்பவருக்கு இதுதான் முதல் கேள்வி. பதில் சரியில்லை என்றால் மற்றதை வாசிப்பது வீண். நிபந்தனைப் பக்கத்தில் "பேமென்ட்" என்று தேடுங்கள்.

பேபால் என்ற ஒன்லைன் பணச் சேவை மட்டும்தான் என்று இருந்தால் கவனம். இலங்கைப் பேபால் கணக்கால் பல வருடங்களாகக் காசு செலுத்தத்தான் முடிந்தது, பெற முடியவில்லை. இதை மாற்றுவது பற்றிப் பேச்சு அடிக்கடி வரும். ஆகவே சேரும் நாளில் நிலைமை என்ன என்று பேபாலின் நாடுகள் பட்டியலிலேயே பாருங்கள், யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியில் அல்ல. வெளிநாட்டில் இருக்கும் மச்சானின் பேபால் கணக்கைக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அஃபிலியேட் கணக்கின் பெயரும் பேபாலின் பெயரும் ஒத்திருக்க வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. மச்சான் நல்லவராக இருந்தாலும் ஒப்பந்தம் உங்களோடுதான்.

பயோனியர் என்ற இன்னொரு பணச் சேவை இலங்கையில் வேலை செய்கிறது. அங்கே வந்த டொலரை உங்கள் வங்கிக் கணக்குக்கு ரூபாயாக மாற்றலாம். ஆனால் எடுக்கும்போது கட்டணம், நாணய மாற்றில் ஒரு வெட்டு, வருடத்தில் குறைவாகப் பணம் வந்தால் வருடக் கட்டணம் என்று அவர்களுக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. மாதம் 15 டொலர் சம்பாதிக்கும் ஒருவருக்கு அந்த வருடக் கட்டணமே பெரிய அடி. திட்டத்தின் நிபந்தனைகளோடு பயோனியரின் கட்டணப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.

நேரடி வங்கிப் பரிமாற்றம் என்று இருந்தால், எந்தெந்த நாட்டு வங்கிகளுக்கு என்று பாருங்கள். காசோலை என்று இருந்தால் என் அபிப்பிராயம், விட்டுவிடுங்கள். அமேசானின் அமெரிக்கத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அன்பளிப்பு அட்டைக்கும் நேரடி வைப்புக்கும் 10 டொலர் சேர்ந்தால் போதும். காசோலைக்கு 100 டொலர் சேர வேண்டும், அதிலும் 15 டொலர் கட்டணம் கழியும். அந்தக் காசோலையை ஹட்டனில் ஒரு வங்கிக் கிளையில் கொடுத்தால், அது வெளிநாடு போய்க் காசாகி வர வாரக்கணக்காகும், வங்கியின் கட்டணம் தனி. அன்பளிப்பு அட்டையோ அமேசானில் பொருள் வாங்கத்தான் உதவும், பொகவந்தலாவையில் அரிசி வாங்க உதவாது.

பிறகு குறைந்தபட்சத் தொகை. 10 டொலரில் தருபவரும் உண்டு, 100 டொலர் சேரும்வரை வைத்திருப்பவரும் உண்டு. சேராத காசு ஒரு வருடத்துக்குப் பிறகு காலாவதியாகுமா, கணக்கு சும்மா கிடந்தால் மாதக் கட்டணம் கழிப்பார்களா என்பதும் அதே பந்தியில் இருக்கும். அதோடு தவணை. அமேசானில் ஜனவரியில் நடந்த விற்பனைக்கு, மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்து, மார்ச் கடைசியில்தான் காசு. தங்குமிட முன்பதிவுத் திட்டங்களில் இன்னும் தள்ளிப்போகும். புக்கிங் டொட் கொம் போன்றவற்றில் விருந்தினர் வந்து தங்கிப் போன பிறகே கொமிஷன் கணக்கில் ஏறும். உங்கள் எல்ல வீடியோவைப் பார்த்து ஒருவர் ஜனவரியில் ஓகஸ்ட் மாதத்துக்கு அறை போட்டால், ஓகஸ்டில் அவர் வந்து தங்கும்வரை உங்களுக்கு ஒன்றும் இல்லை. ஜூலையில் அவர் அறையை ரத்துச் செய்தால் எப்போதும் இல்லை.

உள்ளூர் ஒன்லைன் கடைகளின் திட்டங்களில் இந்தத் தலையிடி குறைவு. ரூபாயில் கணக்கு, உள்ளூர் வங்கி. கொமிஷன் சிறிதாகத்தான் இருக்கும். ஆனாலும் புதியவர் ஒருவர் முதலில் அங்கே பழகுவது நல்லது என்பேன்.

பெயரும் முகவரியும்

இந்தப் பகுதியைக் கொழும்பில் இருப்பவர் இரண்டு வரியில் தாண்டிவிடலாம். நாம் தாண்ட முடியாது.

பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்தோடு மூன்றாவது என்று இருப்பது நம் பக்கத்தில் சர்வசாதாரணம். அப்பாவின் பெயர் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதிலேயே அட்டைக்கு அட்டை வித்தியாசம். வெளிநாட்டுத் திட்டத்தின் கணினிக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் காசைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே சேரும்போது செல்லப்பெயரையோ செனலின் பெயரையோ போடாமல், வங்கிக் கணக்கில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துக்கூட்டலைப் போடுங்கள். வங்கியின் பெயரும் அடையாள அட்டையின் பெயரும் வேறாக இருந்தால், முதலில் வங்கிக்குப் போய் அதைத் திருத்துங்கள். காசு வந்து சிக்கிய பிறகு திருத்தினால் திட்டத்துக்கும் வங்கிக்கும் நடுவில் நீங்கள் அலைய வேண்டும்.

முகவரி இதைவிடச் சிக்கல். லயத்தில் ஒரு வீட்டுக்கென்று தனி முகவரி கிடையாது, தோட்டத்தின் பெயர், டிவிஷன், தபால் நிலையம், அவ்வளவுதான். கடிதம் தோட்டத்து ஒபிஸுக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. காசோலையோ, இரகசிய எண் உள்ள கடிதமோ தபாலில்தான் வரும் என்று நிபந்தனையில் இருந்தால் இதை நினைத்துப் பாருங்கள். கூகுளின் அட்சென்ஸ் என்ற விளம்பர வருமானக் கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிப்படுத்தத் தபாலில் ஒரு எண் அனுப்புவார்கள். அந்தக் கடிதத்துக்காக ஒபிஸ் வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். நகரத்தில் கடை வைத்திருக்கும் உறவினரின் முகவரியைக் கொடுப்பது நடைமுறையில் உதவும், ஆனால் திட்டம் முகவரிச் சான்று கேட்டால் அங்கே மாட்டும்.

சான்றாக அநேகமாக மின்சாரப் பட்டியல், தண்ணீர்ப் பட்டியல், வங்கிக் கூற்று இவற்றில் ஒன்றைக் கேட்பார்கள். லய வீட்டு மின்சாரப் பட்டியல் உங்கள் பெயரில் இருக்க வாய்ப்புக் குறைவு. வங்கிக் கூற்றுத்தான் நமக்கு வசதி. வங்கியில் சொல்லி, முகவரியுடன் ஆங்கிலத்தில் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ் உள்நாட்டு வேலைக்குச் சரி, வெளிநாட்டுக் கம்பனி அதை ஏற்கும் என்று எண்ணி இருக்க வேண்டாம்.

இதில் யாரும் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது: ஒரு முகவரிக்கு அல்லது ஒரு குடும்பத்துக்கு ஒரு கணக்கு மட்டும். இருபது வீட்டுக்கு ஒரே முகவரி உள்ள லயத்தில், அடுத்த காம்பிராவில் (லய அறையில்) இருக்கும் தம்பியும் நீங்களும் ஒரே திட்டத்தில் சேர்ந்தால், ஒரே ஆள் இரண்டு கணக்கு வைத்திருப்பதாகத்தான் கணினி நினைக்கும். ஒரே வைஃபை என்றால் கேட்கவே வேண்டாம். அப்படி ஒரு நிபந்தனை இருந்தால் சேர முன்பே திட்டத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதி, இந்த முகவரியில் பல குடும்பங்கள் இருக்கின்றன என்று சொல்லி, அவர்கள் தரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வயது 18 ஆகாதவர்கள் அம்மா, அப்பா பெயரில் தொடங்குவது பற்றியும் அப்போதே கேட்டுவிடலாம்.

20 வீதம் என்றால் எதில் 20 வீதம்?

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். வெளிநாட்டு ஒன்லைன் தேயிலைக் கடை ஒன்று 20 வீதக் கொமிஷன் தருகிறது. நுவரெலியாவில் பறித்த தேயிலையை நுவரெலியாக்காரரே விற்றுக் கொடுப்பது, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெட்டியின் விலை 30 டொலர், அனுப்பும் செலவு 6. வாங்குபவர் 36 கொடுக்கிறார், 20 வீதம் 7.20, மாதம் 10 பெட்டி போனால் 72 டொலர் என்று மனம் கணக்குப் போடும்.

இப்போது நிபந்தனை. கொமிஷன் "நிகர விற்பனை"க்கு மட்டும் என்று இருக்கிறது. அனுப்பும் செலவு, வரி, தள்ளுபடி எல்லாம் கழித்தது அது. கடையில் எப்போதும் 10 வீதக் கூப்பன் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆகவே 30 என்பது 27 ஆகிறது. அதில் 20 வீதம் 5.40. பத்துப் பேரில் இரண்டு பேர் பொருளைத் திருப்பி அனுப்பினார்கள், அந்தக் கொமிஷன் ரத்து. ஒருவர் ஏற்கனவே அந்தக் கடையில் வாங்கியவர், திட்டமோ புதிய வாடிக்கையாளருக்கு மட்டும். மிஞ்சியது 7 விற்பனை, 37.80 டொலர். குறைந்தபட்சத் தொகை 50. இந்த மாதம் ஒன்றும் வராது. அடுத்த மாதமும் இதேபோல் நடந்தால் 75.60 சேரும், பரிமாற்றக் கட்டணம் 3 டொலர் என்றால் 72.60. அதாவது பத்துப் பெட்டிக்கு என்று மனதில் போட்ட தொகை, இருபது பெட்டி விற்ற பிறகு வருகிறது. யாரும் ஏமாற்றவில்லை.

ஆகவே நீங்கள் பார்க்கும் திட்டத்துக்கும் இதே கணக்கைக் காகிதத்தில் போடுங்கள். நிகர விற்பனைக்கு என்ன விளக்கம் தந்திருக்கிறார்கள், திருப்பி அனுப்பினால் எத்தனை நாள்வரை கொமிஷனைப் பிடுங்கலாம், ஏற்கனவே கொடுத்த காசையும் திருப்பிக் கேட்கலாமா, எந்தப் பொருட்களுக்குக் கொமிஷன் இல்லை. சில திட்டங்களில் முகப்பில் போட்டிருக்கும் வீதம் ஒரேயொரு வகைப் பொருளுக்குத்தான். மற்றவைக்கு அதில் கால்வாசி. "வரை" என்ற சொல் வீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பட்டியலைத் தேடி எடுத்துப் பாருங்கள்.

குக்கியின் ஆயுள்

உங்கள் லிங்கை ஒருவர் தொட்டால் அவருடைய பிரவுசரில் ஒரு அடையாளம் பதியும், அதுதான் குக்கி. அது உயிரோடு இருக்கும்வரை அவர் வாங்கினால் உங்கள் கணக்கில் சேரும். அமேசானில் அது 24 மணித்தியாலம். அந்த நேரத்துக்குள் பொருளைக் கூடையில் போட்டுவிட்டால் அந்தப் பொருளுக்கு 90 நாள்வரை நீளும். வேறு திட்டங்களில் 7 நாள், 30 நாள், 90 நாள் என்று பலவிதம்.

நாள் எத்தனை என்பதைவிட, கடைசியாகத் தொட்ட லிங்க் யாருடையது என்பதுதான் பெரும்பாலான திட்டங்களில் தீர்மானிக்கும். உங்கள் வீடியோவைப் பார்த்து முடிவெடுத்தவர், காசு கட்டுமுன் கூப்பன் தேடி இன்னொரு தளத்துக்குப் போனால், கொமிஷன் அந்தத் தளத்துக்கு. இன்னொன்று, அப்பிள் ஃபோனில் உள்ள சஃபாரி 2020இலிருந்து வெளியார் குக்கிகளை, அதாவது பார்க்கும் தளம் அல்லாத வேறு தளங்கள் வைப்பவற்றை, முழுமையாகத் தடுக்கிறது. பேஸ்புக்குக்குள்ளேயே திறக்கும் பிரவுசரில் லிங்கைத் தொட்டுவிட்டு, பிறகு கடையின் செயலியில் போய் வாங்கினால் அடையாளம் தொலைந்துவிடலாம். நம் பார்வையாளர்கள் முக்கால்வாசிப் பேர் ஃபோனில்தான் பார்க்கிறார்கள். எனவே "செயலியில் நடக்கும் விற்பனையும் கணக்கில் சேருமா" என்று நிபந்தனையில் தேடுங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

இதோடு நாட்டையும் பாருங்கள். தமிழில் வீடியோ போட்டால் பார்ப்பவர்கள் தமிழ்நாட்டிலும் கனடாவிலும் இருப்பார்கள். அமேசானின் ஒவ்வொரு நாட்டுத் தளத்துக்கும் தனித்தனித் திட்டம், தனித்தனிக் கணக்கு. அமெரிக்கத் தளத்தின் லிங்கைச் சென்னையில் இருப்பவர் தொட்டால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்க வாய்ப்பில்லை. அவர் இந்தியத் தளத்தில்தான் வாங்குவார். அமேசானில் இன்னொரு விதியும் இருக்கிறது: சேர்ந்த முதல் 180 நாளுக்குள் தகுதியான 3 விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். செனல் வளர முன் அவசரப்பட்டுச் சேராதீர்கள்.

எதைச் செய்தால் கணக்குப் போகும்

தடைகள் பட்டியல் நீளமாக இருக்கும். எல்லாவற்றையும் வாசியுங்கள் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் நம் ஆட்கள் மாட்டுவது சில இடங்களில்தான். சொந்த லிங்கில் தாமே வாங்குவது அதில் முதலாவது. அமேசான் உட்படப் பல திட்டங்களில் அதற்குக் கொமிஷன் இல்லை, தொடர்ந்து செய்தால் கணக்கே இல்லை. வீட்டாரை வாங்கச் சொல்வதையும் சில திட்டங்கள் இதோடு சேர்த்துப் பார்க்கின்றன. லிங்கை வட்ஸ்அப் குழுக்களிலும் ஈமெயிலிலும் போடலாமா என்பது அடுத்தது. சில திட்டங்கள், பதிவுசெய்த தளத்திலும் செனலிலும் மட்டுமே போடவேண்டும் என்று சொல்கின்றன. கம்பனியின் பெயரையே தேடுசொல்லாகக் கொடுத்து கூகுளில் விளம்பரம் போடுவதற்கும் அநேகமாகத் தடை உண்டு.

லிங்க் கொமிஷனுக்கானது என்பதைப் பார்ப்பவருக்குச் சொல்லவும் வேண்டும். அமெரிக்காவில் இதை வர்த்தக ஆணைக்குழு வலியுறுத்துகிறது, ஆகவே அமெரிக்கக் கம்பனிகளின் ஒப்பந்தங்களில் இது கட்டாயமாக இருக்கும். அமேசான் தான் கொடுத்த வாசகத்தையே போடச் சொல்கிறது. அதைப் போட்டுவிட்டு, தமிழிலும் லிங்குக்கு மேலேயே "இந்த லிங்க் வழியாக வாங்கினால் எனக்குக் கொமிஷன் கிடைக்கும், உங்களுக்கு விலை கூடாது" என்று எழுதுங்கள். விலை கூடாது என்பது உண்மையா என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கணக்கை மூடும் பந்தி

எல்லா ஒப்பந்தத்திலும் ஏறத்தாழ இப்படி ஒரு பந்தி வரும்:

"கம்பனி தன் முழு விருப்பின் பேரில், எந்நேரத்திலும், காரணம் கூறியோ கூறாமலோ, இந்த ஒப்பந்தத்தை முடிவுறுத்தலாம். முடிவுறுத்தும்போது செலுத்தப்படாதிருக்கும் கொமிஷன் தொகைகள் இழக்கப்படும்."

முதல் வாக்கியத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், அது எல்லாரும் எழுதுவது. இரண்டாவது வாக்கியத்தில் நில்லுங்கள். நீங்கள் விதியை மீறினால்தான் காசு போகும் என்று எழுதியிருக்கிறார்களா, அல்லது எந்தக் காரணத்துக்காக மூடினாலும் போகும் என்றா? முதலாவது நியாயம். இரண்டாவது என்றால், அவர்கள் திட்டத்தையே நிறுத்தினாலும், கம்பனி கைமாறினாலும், மூன்று மாதமாகக் காத்திருந்த உங்கள் காசு அவர்களுடையது. நல்ல திட்டங்களில் "முடிவுறுத்தும் திகதிக்கு முன் உழைத்த தொகை வழமைபோல் செலுத்தப்படும்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இருக்கும் திட்டத்தை, வீதம் சற்றுக் குறைவானாலும், நான் தெரிவு செய்வேன்.

பக்கத்திலேயே மாற்றங்கள் பற்றிய பந்தி இருக்கும். கொமிஷனை மாற்ற எத்தனை நாள் முன்னறிவித்தல்? 2020 ஏப்ரலில் அமேசான் தளபாடம், வீட்டுத் திருத்தப் பொருட்களின் கொமிஷனை 8 வீதத்திலிருந்து 3 வீதத்துக்கும், பலசரக்கை 5இலிருந்து 1க்கும் இறக்கியது. ஒரு வாரம் அளவில்தான் அவகாசம் கொடுத்தார்கள். உலகெங்கும் அதை நம்பித் தொழில் நடத்தியவர்கள் ஆடிப்போனார்கள், ஆனால் ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுத்தது. ஒரே திட்டத்தில் முழு நம்பிக்கையும் வைக்கக்கூடாது என்பதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

தகராறு வந்தால் எந்த நாட்டு நீதிமன்றம் என்று ஒரு பந்தி இருக்கும், அது அமெரிக்கா, சிங்கப்பூர் என்று எங்கோ இருக்கும். 60 டொலருக்காக யாரும் அங்கே போகப்போவதில்லை. ஆகவே வழக்குப் போட்டு வாங்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, குறைந்தபட்சத் தொகை சேர்ந்ததும் காசை எடுத்துவிடுங்கள். அங்கேயே சேர்த்து வைக்க அது வங்கி இல்லை.

வரி

அமெரிக்கத் திட்டங்கள் டபிள்யூ-8பென் என்ற படிவத்தைக் கேட்கும். நீங்கள் அமெரிக்கர் இல்லை என்று அறிவிக்கும் படிவம் அது. பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் பெயரும் முகவரியும் மேலே சொன்னபடி ஒத்திருக்க வேண்டும். இலங்கையில், 2025 ஏப்ரல் 1இலிருந்து வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரையான வருமானத்துக்குத் தனிநபர் நிவாரணம் உண்டு. வெளிநாட்டுக்குச் சேவை செய்து அந்நியச் செலாவணியாக வங்கி வழியே வரும் வருமானத்துக்கு அதுவரை இருந்த விலக்கு நீங்கி, உச்சமாக 15 வீத வரி என்று வந்திருக்கிறது. தொடக்கத்தில் உங்கள் வருமானம் அந்த எல்லைக்குக் கிட்டவும் போகாது. ஆனாலும் உள்நாட்டு இறைவரியில் இலக்கம் எடுத்து, வந்த காசின் பதிவை வைத்திருந்தால் பிறகு வங்கிக் கடனுக்கும் உதவும்.

டிக் போடும் நாளில்

இவ்வளவையும் பார்த்தபிறகும் விளங்காத இடங்கள் இரண்டு மூன்று மிஞ்சும். அவற்றைத் திட்டத்தின் உதவிப் பிரிவுக்கு ஒரே ஈமெயிலில் எழுதிக் கேளுங்கள்: இலங்கை வங்கிக் கணக்குக்குக் காசு வருமா, தமிழ் மொழிச் செனலை ஏற்பீர்களா, செயலியில் நடக்கும் விற்பனை சேருமா, கணக்கு மூடப்பட்டால் உழைத்த காசு என்னாகும். ஆங்கிலத்தில் நாலு வரி போதும். ஒரு வாரத்தில் பதில் வராத கம்பனி, உங்கள் காசு சிக்கும்போதும் பதில் போடாது. இன்னொன்றைப் பாருங்கள்.

பதில் வந்து, கணக்குத் திருப்தி என்றால் சேருங்கள். சேர்ந்ததும் அவர்களுடைய ஈமெயில் முகவரியைத் தொடர்புகளில் சேமியுங்கள். நிபந்தனை மாற்றம் பற்றிய அறிவித்தல் ஈமெயிலில்தான் வரும், அது ஸ்பேமுக்குள் விழுந்து நீங்கள் பார்க்காவிட்டாலும் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. அறிவித்தல் வந்ததும், சேமித்து வைத்த பழைய பிடிஎப்பைத் திறந்து, காசு, கொமிஷன், கணக்கு மூடுதல் மூன்றையும் புதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.